நைனாவின் எண் ஒட்டிய டப்பா

காமாலை இல்லை. உன் நைனாவுக்கு வந்தது காமாலை இல்லை, செய்வினை இல்லை, தங்கச் சுரங்கத்து வெடிமருந்துப் புகையும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, எங்கேயோ பார்த்தபடி, நைனாவுக்கு என்ன வந்தது என்று நீ கேட்டாய். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். விறகு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் ஊதுகுழலை எடுத்து ஊதினேன். நீ பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்றாய். பிறகு போய்விட்டாய். பதில் பன்னிரண்டு வருஷமாக என்னிடம் இருக்கிறது. வாயால் சொல்ல வரவில்லை. ராணிப்பேட்டைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த எழுத்து இதற்காவது உதவட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீ எதற்காகக் கேட்டாய் என்பதும் தெரியும். என்னைப் பார்க்க ஊரிகம் ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரி மேட்டுக்கு ஏறி வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாய். நான் ஆஸ்பத்திரிப் பின்கட்டு அறையின் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை உட்கார்ந்தபோது செருப்பைக் கழற்றி, உள்ளே கல் புகுந்ததுபோல் தட்டினாய். அதில் கல் ஒன்றும் இல்லை. உன் நைனாவும் முதலில் கல்லைத்தான் தட்டினார். பிறகு சுருட்டுப் பற்றவைக்க நின்றார். பிறகு தெரிந்தவர்கள் எதிரே வந்தால் நிறுத்திவைத்துப் பேச்சுக் கொடுத்தார். மூச்சு வாங்குகிறது என்று சொல்லாமல் இருப்பதற்கு ஒரு மனிதன் எத்தனை காரியங்கள் செய்வான் என்பதை அந்த ஒரு வருஷத்தில் பார்த்துவிட்டேன். ஆகையால் என்னிடம் நீ கல்லைத் தட்ட வேண்டாம்.

இரண்டு ஞாயிறு கோவிலில் உன் பெயரையும் உனக்குப் பேசியிருக்கும் பெண்ணின் பெயரையும் கல்யாண ஓலை வாசித்தாயிற்று. இவர்கள் இருவரும் சேர்வதற்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் நிமிர்ந்து பார்த்தபோது, பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த எனக்கு முழங்கால் தானாக அசைந்தது. எழுந்திருக்கவில்லை. எழுந்து என்ன சொல்லியிருப்பேன். பையனின் நகம் வெளுத்திருக்கிறது என்றா. அந்தப் பெண் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பின்கழுத்தில் வியர்வை. பதினேழு வயது. எனக்கும் அந்த வயதில்தான் வாசித்தார்கள். வருகிற ஞாயிறு மூன்றாவது ஓலை. அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

கால்விரல் இடுக்கில் ஆரம்பித்தது. ஷிப்ட் முடிந்து வந்ததும் பாதத்தைச் சுவரில் தேய்ப்பார். பொடிப்பொடியாகச் சிவந்த கொப்புளம். சேற்றுப்புண் என்று மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டேன். ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. என் கைவைத்தியம் என்று எனக்கு ஒரு பெருமை. அப்புறம் கொஞ்ச நாள் வறட்டு இருமல். அதுவும் தானாகப் போயிற்று. ஒன்று காலில், ஒன்று நெஞ்சில். இரண்டும் ஒரே வியாதியின் வழி என்று யாருக்குத் தோன்றும். சில மாதம் கழித்து வயிறு. தொப்புளுக்கு மேலே பிசைகிறது என்றார். சாப்பிட்டால் அடங்கும். அதனால் நிறையச் சாப்பிட்டார். நான் கேழ்வரகைக் களி கிண்டிப் போட்டுக்கொண்டே இருந்தேன். இவ்வளவு சாப்பிடுகிறவருக்கு என்ன வியாதி இருக்க முடியும் என்று நினைத்தேன். இது என் முதல் தப்பு, சின்னத் தப்பு.

சாப்பிடச் சாப்பிட வெளுத்தார். மஞ்சளாக ஆகவில்லை. காமாலை என்றால் கண் மஞ்சளாகும். இவருக்குக் கண் வெள்ளை இன்னும் வெள்ளையாகி, பீங்கான்போல் ஆயிற்று. கீழிமையை இழுத்தால் உள்ளே சிவப்பே இல்லை. நாக்கும் நகமும் சுண்ணாம்பு. குளிர் கிடையாது, காய்ச்சல் கிடையாது. காதுக்குள் தன் நெஞ்சு அடிப்பது கேட்கிறது என்று சொன்னார். கறுப்பாக வெளியே போகிறது என்று ஒரே ஒரு தடவை சொன்னார், அதையும் வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல். சாயங்காலத்தில் கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழும், விழுந்த குழி அப்படியே நிற்கும். உனக்கு எட்டு வயது. அந்தக் குழியில் ஒரு புளியங்கொட்டையை வைத்துவிட்டு, அது உருண்டு போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் காலை அசைக்காமல் உனக்காகப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கதவருகே நின்றேன். அந்தச் சாயங்காலம் என்னை விட்டுப் போகவே இல்லை.

மண் தின்றார். துவைக்கும்போது சட்டைப் பையில் வெள்ளைக் களிமண் கட்டி ஒன்று கிடைத்தது. அதில் பல் பதிந்திருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் பூமிக்கடியில் அவருக்கு உளி பிடிக்கிற முனுசாமி மாமா பார்த்துவிட்டார். லைன் வீட்டு வாசலில் எல்லார் முன்னாலும், இன்னாபா, எத்தன மாசம், கேப்டன் தொரகிட்ட பேறுகாலத்துக்கு லீவு கேட்டுட்டியா, தங்கச்சிய மாங்கா வாங்கியாரச் சொல்லட்டா என்று அவர் ஆரம்பிக்க, எல்லாரும் சிரித்தார்கள். உன் நைனாவும் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிக்க மூச்சு போதவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் புது டாக்டர் துரை வந்தார். ஷிப்டுக்குப் போகிறவர்களை வரிசையாக நிற்கவைத்து இமையை இழுத்து இழுத்துப் பார்த்தார். அவர் சொன்னதைக் கம்பவுண்டர் தமிழில் எடுத்துச் சொன்னார். இரைப்பைக்குக் கீழே மடிந்து மடிந்து கிடக்கும் சிறுகுடலில் நூல்போல் ஒரு புழு, பல்லால் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. ஒன்று இரண்டு இல்லை, நூற்றுக்கணக்கில். வெளியிலிருந்து பார்த்து, இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் மலத்தைக் கண்ணாடியில் வைத்துப் பார்க்க வேண்டும். சுரங்கத்தில் எந்த லெவலில், எந்த ஆழத்துத் தளத்தில், புழு இருக்கிறது என்று தெரிந்தால் அந்த லெவலில் இருப்பவர்களுக்கெல்லாம் மருந்து கொடுத்து, மலம் கழிக்கக் கீழேயே வாளிகளும் வைத்துவிடலாம். உன் நைனாவின் லெவலிலிருந்து நாலு பேருக்கு ஆளுக்கொரு தகர டப்பா கொடுத்தார்கள். மூடியில், வேலைக்கு இறங்கும்போது காட்டுகிற அவரவர் பித்தளை வில்லையின் எண்ணை எழுதிக் காகிதம் ஒட்டியிருந்தது. நைனாவுக்கு ஒன்று. முனுசாமி மாமாவுக்கு ஒன்று. இன்னும் இரண்டு பேர்.

அன்றைக்கே லைன் முழுக்கப் பேச்சு. புழு இருந்தால் பேரை அடித்துவிடுவார்களாம், வீட்டைக் காலி செய்யவைத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. அப்படி யாரையும் அனுப்பவில்லை, அது எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்கு நம்பினேன். ஊரில் நமக்கு என்ன இருந்தது. திரும்பிப் போவது என்றால் எங்கே போவது. உன் நைனாவுக்கு அந்தப் பயம்கூட இல்லை. அவருக்கு வெட்கம். டப்பாவை வாங்கி வந்தவர் அதைக் கூரைமேல் எறிந்தார்.

"இன்னாமே, என் பீய அவன் கண்ணாடில வெச்சுப் பாப்பான், நான் கைய கட்டிகினு நிக்கணுமா? மண்ணு தோண்ட வந்தேன் நானு. இதுக்கு வரல."

விடிந்ததும் அவர் ஷிப்டுக்குப் போன பிறகு, துறட்டுக்கோலால் டப்பாவைத் தள்ளிக் கீழே எடுத்தேன். கொண்டுபோகாவிட்டால் ஆள் வரும். ஆள் வந்தால் கேப்டனுக்குத் தெரியும். நான் சுரங்கத்துக்குள் இறங்கியதில்லை. என் நகம் சிவப்பாக இருந்தது. நீ கேட்கிறாயே, நைனாவுக்கு என்ன வந்தது என்று. இதுதான் வந்தது. நான் புதருக்குப் பின்னால் போனேன். டப்பாவை மூடித் துணியில் சுற்றி, முந்தானைக்குள் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். வழியெல்லாம் கையில் வெதுவெதுப்பாக இருந்தது. கம்பவுண்டர் மூடியில் இருந்த எண்ணைப் படித்தார். இது அவருடையதுதானா என்று கேட்டார். அவருதுதாங்க என்றேன். அவ்வளவுதான் பேசினேன்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. புழு இல்லை. அதைச் சொன்னதும் உன் நைனா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. கெட்டிக்காரி மே நீ என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். எனக்கு முகமெல்லாம் சூடாயிற்று, சந்தோஷத்தில். பிறகு சிரிப்பு நின்றது. களியை விரலால் அளைந்தார்.

"அப்ப எனக்கு இல்லன்னுதானே அர்த்தம்?" என்றார்.

கேலியாகக் கேட்கவில்லை. நான் சொல்லட்டும் என்று காத்திருந்தார். இல்லைதான் என்றேன். அவர் நம்பினார். நானும் அன்றைக்கு நம்பினேன் என்று நினைக்கிறேன். காகிதத்தில் எழுதியிருந்தது, அவர் எண் இருந்தது, பக்கத்தில் இல்லை என்று இருந்தது. எழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் நான்.

டாக்டர் அதற்கப்புறம் புழுவைத் தேடவில்லை. தேட அவருக்குக் காரணம் இல்லை. மலைக்காய்ச்சல் உள்ளேயே இருக்கலாம் என்று கொய்னாவும் கறுப்பு டானிக்கும் கொடுத்தார். உன் நைனா ஒழுங்காகக் குடித்தார். டானிக்கில் கொஞ்சம் சிவப்பு ஏறியதுபோல் தெரிந்தது, அப்புறம் இறங்கிவிட்டது. கீழே புழுக்கள் குடித்துக்கொண்டிருக்கும்போது மேலே ஊற்றி என்ன ஆகும். ஏழு மாதம் போயிற்று. ஒரு நாள் ஷிப்ட் முடிந்து, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். அவர் மட்டும் மூலையில் குந்தி உட்கார்ந்தபடியே இருந்தார். தூங்குகிறார் என்று முனுசாமி மாமா தோளில் தட்டினாராம். மாமா இதை என்னிடம் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும், தட்டினேம்மா, தட்டினேன் என்றுதான் சொன்னார்.

எனக்கு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கிடைத்ததும் நாம் இந்தப் பின்கட்டு அறைக்கு வந்ததும் உனக்கு நினைவிருக்கும். என்ன வேலை என்று நீ கேட்டதில்லை. பெருக்குவது, துணி அலசுவது. அப்புறம் கண்ணாடித் துண்டுகளைக் கழுவுவது. விரல் நீளம், நகத்தைவிடக் கொஞ்சம் கனம். டாக்டர் பார்த்து முடித்த பிறகு அவற்றைச் சோடா உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவித் துடைத்து அடுக்க வேண்டும். ஒரு நாள் கழுவப்போன துண்டு ஒன்றைக் கம்பவுண்டர் வாங்கி, பூதக்கண்ணாடிக் குழாய்க்கடியில் வைத்து, பாரு ஆயா, நீ தினம் இன்னா கழுவறேன்னு ஒரு நாளாவது பாரு என்றார். ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு ஒரு முட்டை. கோழிமுட்டை வடிவம்தான். ஓடு இருக்கிறதா இல்லையா என்பதுபோல் அவ்வளவு மெல்லிசு. உள்ளே நாலு உருண்டை, சீத்தாப்பழச் சுளைகள் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல். அழகாக இருந்தது. அழகாக இருந்தது என்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். இதுதான் புழுவின் முட்டை, இது தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், உள்ளே தாய் இருக்கிறது என்றார் கம்பவுண்டர். நான் கண்ணை எடுக்கவில்லை. என் டப்பாவில் இதைத் தேடிப் பார்த்து, கிடைக்காமல், இல்லை என்று எழுதினார்கள்.

அந்தப் பழைய டாக்டருக்கே தெரியாத ஒன்று இப்போது வந்திருக்கும் டாக்டருக்குத் தெரிகிறது. பழையவர் வாய் வழியாக வருகிறது என்று நினைத்தார். கையைக் கழுவு, தண்ணீரைக் காய்ச்சு என்றார். நான் காய்ச்சினேன், பேத்தமங்களா ஏரியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரானாலும் குட்டைத் தண்ணீரானாலும் இன்றுவரை காய்ச்சுகிறேன். ஆனால் அது வாய் வழியாக வருவதைவிடக் கால் வழியாக வருவதுதான் அதிகமாம். கீழே ஆத்திர அவசரத்துக்கு மேலே வர முடியாது. ஷிப்ட் முடிந்தால்தான் கேஜ். அதனால் ஆட்கள் பழைய தோண்டல்களின் ஓரத்தில் ஒதுங்குகிறார்கள். அது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே இருட்டு, ஈரம், வெக்கை. முட்டை பொரிக்க வேறு என்ன வேண்டும். பொரித்தது கண்ணுக்குத் தெரியாது. சேற்றில் நிற்கும் வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. அதுதான் விரலிடுக்கு அரிப்பு. இரத்தத்தோடு போய் நுரையீரலில் ஏறுகிறது. அதுதான் இருமல். அங்கிருந்து தொண்டைக்கு வந்து, நாம் விழுங்க, சிறுகுடலில் போய்த் தங்குகிறது. நான் மஞ்சள் பூசி ஆற்றிய புண் ஆறவில்லை. உள்ளே போயிற்று.

மருந்து என்ன தெரியுமா. ஓம உப்பு. நீ பால் குடிக்கிற குழந்தையாக இருந்தபோது வயிறு உப்பினால் நான் காய்ச்சிக் கொடுத்தேனே ஓமத் தண்ணீர், அந்த ஓமத்திலிருந்து எடுக்கிற வெள்ளை உப்பு. முதல் நாள் வார்டில் அதன் வாசனை வந்தபோது நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்ததுபோல் இருந்தது. முந்தின நாள் கஞ்சிதான். காலையில் வெறும் வயிற்றில் மருந்து, அப்புறம் பேதி உப்பு. அன்றைக்கு எண்ணெய், நெய், சாராயம் மூன்றும் ஆகாது, அவை மருந்தை விஷமாக்கிவிடும். சாயங்காலத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஒரு வாரம் விட்டு இன்னொரு தடவை. பிறகு மறுபடியும் டப்பா. போன மழைக்காலத்தில் மாரிகுப்பத்து ஆள் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆறாம் வாரம் அவர் படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு தடவிய விரலின் நகம் சிவந்திருந்தது. நான் துடைப்பத்தை வைத்துக்கொண்டு அந்த நகத்தையே பார்த்தேன். இன்னா ஆயா, மோதிரமா தேடறே என்று கேட்டார்.

இத்தனை வருஷம் இது என் ஒருத்தியின் பாவம் என்று நினைத்திருந்தேன். அப்படி நினைப்பதில் ஒரு வசதிகூட இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் லைன் குழாயடிக்குப் போயிருந்தேன். முனுசாமி மாமா வெளுத்து வீங்கி ஊருக்குப் போய் அங்கேயே முடிந்துபோனார் அல்லவா. அவர் சம்சாரம் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். பழைய கதைகள் பேச்சில் டப்பாக் கதை வந்தது. பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

"எங்க ஊட்டுக்காரருது எங்க குடுத்தோம்? எங்க பாப்பாதுதான் போச்சு. பக்கத்து ஊட்டக்காவும் வந்து கேட்டாங்க, அவுங்களுக்கும் அதுலயே பங்கு வெச்சுக் குடுத்தேன்."

நாலாவது வீட்டில் மாமியாருடையதாம். நாலு டப்பா. நாலும் சூரிய வெளிச்சத்தில் இருப்பவர்களுடையது. பூமிக்கடியில் இருப்பவர்களின் வயிற்றைப் பற்றிக் கேட்டதற்கு, மேலே இருக்கிற பெண்களும் குழந்தைகளும் பதில் சொல்லியிருக்கிறோம். நான் ஒருத்தி மட்டும் அவருடையதைக் கொடுத்திருந்தால்கூட ஒரு கண்ணாடியில் ஒரு முட்டை தெரிந்திருக்கும். டாக்டர் என்ன செய்வார். அந்த லெவல் சுத்தம் என்று எழுதினார். அங்கே வாளி வைக்கவில்லை, மருந்து கொடுக்கவில்லை. இன்று புது டாக்டர் லெவல் லெவலாகச் சோதனை செய்கிறார், சுத்தம் என்று எழுதியிருக்கும் லெவலைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறார். அந்த லெவலில்தான் நீ இரண்டு வருஷமாக இறங்குகிறாய். வெறுங்காலோடு.

ஏன் வெறுங்கால் என்று உன்னைக் கேட்டால் சிரிப்பாய். சுரங்க வாயில் மஞ்சள் பூசிய அந்தக் கல்லுக்கு முன்னால் எல்லாரும் செருப்பை விட்டுவிட்டுத்தான் இறங்குகிறார்கள். பொன் இருக்கிற வயிறு, மிதித்துக்கொண்டு போகக் கூடாது. நாம் சபையைச் சேர்ந்தவர்கள், கல்லைக் கும்பிடுவதில்லை. ஆனாலும் உன் நைனா விட்டார், நீயும் விடுகிறாய். நான் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை. மரியாதை என்று நினைத்தேன். சீமைக்குத் திரும்பிப் போன கேப்டன் கொடுத்த பூட்ஸை நைனா கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு மட்டும் போட்டார். சுரங்கத்துக்குப் போட்டுக்கொண்டு போகும்படி நான் சொன்னதும் இல்லை. துரை மாதிரி நடக்கிறான் என்று சொல்வார்கள் என்று அவருக்குக் கூச்சம். அது இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. போன கிறிஸ்துமஸில் நீ போட்டுப் பார்த்தாய், சரியாக இருந்தது. இரண்டு எட்டு நடந்து காட்டிவிட்டு, குட்மார்னிங் ஆயா என்றாய்.

உன் விரலிடுக்கைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ பாயில் சாய்ந்து தூங்கிப்போனபோது பார்த்தேன். பழைய தழும்பு. கணுக்காலில் மெதுவாக விரலை அழுத்தினேன். நீ விழித்துக்கொள்வாயோ என்று சீக்கிரம் எடுத்துவிட்டேன். குழி நின்றது.

ஆகையால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன், டப்பாவை நீயே கொண்டு வா. உன்னுடையதை. அந்தப் பெண் வீட்டுக்கு வந்த பிறகு மறுபடியும் டப்பா வரும், மருந்துக்கு அப்புறமும் வரும். எப்போதும் அவளிடம் கொடுத்து அனுப்பாதே. அவளுக்கு உன்மேல் ஆசை இருக்கும். ஆசை இருக்கிறவள் உனக்காக என்ன வேண்டுமானாலும் செய்து, நல்லது செய்தோம் என்று முகம் சிவந்து வந்து நிற்பாள். நான் நின்றேன். பேரை அடித்துவிடுவார்கள் என்று யாராவது சொன்னால், ஆஸ்பத்திரியில் உன் அம்மா தினம் எல்லாரையும் பார்க்கிறாள், ஒருத்தரையும் அனுப்பவில்லை என்று சொல். வெட்கமாக இருந்தால், கண்ணாடியைக் கழுவுகிறவள் உன் அம்மாதான் என்று நினைத்துக்கொள். உன்னைச் சின்ன வயதில் கழுவியவளும் அவள்தான்.

உனக்கு மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது முடியவில்லை. நேற்று மத்தியானம் கம்பவுண்டரிடம் சொன்னேன். அவர் ஊசி மருந்துப் புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை அதே புட்டியைத் துடைத்தார். பிறகு அலமாரியின் அடியிலிருந்து அந்தப் பழைய புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். நைனாவின் எண். பக்கத்தில் கம்பவுண்டர் கையெழுத்திலேயே இல்லை என்று இருந்தது.

"நான் உன்னக் கேட்டேன் ஆயா," என்றார்.

கேட்டீங்க சார் என்றேன். மற்ற மூன்றும் யாருடையவை என்று அவர் கேட்கவில்லை, நானே சொன்னேன். திட்டுவார், டாக்டரிடம் சொல்லி வேலையை விட்டு நிறுத்துவார் என்று நின்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த வருஷம் நோயோடு ஊருக்குப் போனவர்கள், வார்டில் முடிந்தவர்கள் பெயர்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே பக்கங்களைத் திருப்பினார். எனக்கு அந்தப் பெயர்களெல்லாம் தெரியும். பிறகு புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனார். என் வேலை இருக்கிறதா இல்லையா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. இன்று காலை உன் லெவலில் உள்ளவர்களின் எண்களைத் துண்டுக் காகிதங்களில் எழுதி, டப்பாக்களில் ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். நான் ஒட்டினேன். திங்கட்கிழமை எல்லாருக்கும் வரும். உன்னுடையதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இனி வருவதைப் பென்சிலில் எழுதுகிறேன், சுரங்க வாயில், வேலியோரம். சனிக்கிழமை பிற்பகல். நீ கீழே இருக்கிறாய். கேஜ் மேலே வர இன்னும் நேரம் இருக்கிறது. கல்லுக்கு முன்னால் இருந்த குவியலில் உன் செருப்பைக் கண்டுபிடித்தேன், இடது வாரில் நான் தைத்த தையல் இருந்தது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நைனாவின் பூட்ஸை வைத்தேன். ஒன்றுக்குள் டப்பா இருக்கிறது, உன் எண்தான். இன்னொன்றுக்குள் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். உன் செருப்பை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.